ஏழாம் பெட்டி

பின்னிரவு இரண்டு பத்துக்கு
ஏழாம் பெட்டி இரண்டு இடங்களிலிருந்து பேசியது.

ஒன்று இடதுகரை வாய்க்காலில் இருந்து:
முழங்காலளவு தண்ணி நிற்குது.
மற்றது எங்கிருந்தென்று விளங்கவில்லை:
காய்ஞ்சு போச்சு, திற.

ஒரே இலக்கம். ஒரே சாவி.
துருசின் மோட்டர் இரண்டாவதை நம்பியது.
விடியும்போது ஒருவரின் சிறுபோகம் நிரம்பி வழிந்தது,
மூன்று பேரின் முறைத் தண்ணி
அதற்குள் நின்றது.

ஒட்டுசுட்டான் றோட்டோரம் ஒரு பாலை மரத்தில்
உரப்பையால் சுற்றிக் கட்டியிருந்ததைக்
கழற்றிக்கொண்டு வந்து திறந்தேன்.
ஈயம் ஒட்டிய இடங்கள்
என்னுடையதைவிடத் துப்புரவு.
யாரோ என் பெட்டியை ஓரிரவு எடுத்துப்போய்
நினைவுச் சில்லை வரிவரியாக வாசித்து
கோழி கூவமுன் திருப்பி மாட்டியிருக்கிறார்.
அவரில் எனக்குக் கோபம் வரவில்லை.
சாவியை எழுதினவள் நான்.
எழுதினதை எவரும் வாசிக்கலாம்.

மாங்குளத்தில், அரிசி ஆலைக்கு மேல் அறையில்,
புதிய சில்லுக்கு நான் சாவி கொடுக்கவில்லை.
கோடானுகோடி மறைகுறிகளில்
எதுவாகவும் ஆகலாம் என்று
விதியை மட்டும் கொடுத்தேன்.
முதல் மின்சாரம் பாய்ந்ததும்
தன் சூட்டின் நடுக்கத்தையே சோழியாக உருட்டி
விழுந்தபடி தன்னைப் பின்னிக்கொண்டது.
பிறகு, உள்ளே போன வழியை
உள்ளிருந்தே எரித்தது.
மானியில் முள் ஒருதரம் துள்ளி அடங்கியது.
நான் கண்டது அவ்வளவுதான்.

நூறு கேள்வி கேட்டேன். நூறு மறுமொழி தந்தது.
இரண்டும் என் கொப்பியில்.
ஏன் அந்த மறுமொழி என்பது
அதனிடம்.
ஒரு கேள்வியை ஒருதரம்தான் கேட்பேன்,
கேட்டதும் வெட்டிவிடுவேன்.
வழியில் ஒட்டுக்கேட்பவனுக்கு
எரிந்த நெருப்புக்குச்சி.

கமக்கார அமைப்புக் கூட்டத்தில்
பொருளாளர் அமலதாஸ் எழும்பினார்.
'பிள்ளை, இப்ப சாவி ஆரிட்ட?'
'ஒருத்தரிட்டயும் இல்லை.'
'உம்மட்டயும்?'
'எனக்குத் தெரியாது.'
'செய்தது நீர்தானே?'
'ஓம். எனக்கும் தெரியாதபடிதான் செய்தனான்.'

சிரித்தார்கள். சோடாப் போத்தல்கள் கைமாறின.
பின்வரிசையில் சிவகடாட்சம் சிரிக்கவில்லை.
ஒரு காலம், ஒரு தகரக் கொட்டிலில்,
பதினொரு நாள் 'தெரியாது' என்று சொன்னவர்.
மெய்யாகவே தெரியாதவர்.

'பெட்டியைப் பிடிச்சு உடைச்சா?'
'செத்துப்போகும். சொல்லாது.'
'உம்மைப் பிடிச்சு உடைச்சா?'

மின்விசிறி கறகறத்தது.
தாக்குதல்களின் பட்டியலில்
வெப்பம் எழுதியிருந்தேன், அமிலம் எழுதியிருந்தேன்,
ஊடுகதிர் எழுதியிருந்தேன்.
'எனக்குத் தெரியாதெண்டு
அவங்களுக்கும் தெரியோணும்' என்றேன்.
'அதுக்குத்தான் இதை
எல்லாருக்கும் முன்னால சொல்லுறன்.'

'நம்பினாத்தானே' என்றார்.
இருந்துவிட்டார்.

கூட்ட அறிக்கையில் செயலாளர் எழுதினார்:
பெட்டிகள், ஒன்பது.
சாவி, இல்லை.

இன்றிரவு நாற்பத்தோராம் கேள்வி.
வாய்க்கால் கட்டிலிருந்து ஏழாம் பெட்டி
அரைக்கணம் எடுத்துச் சரியாகச் சொன்னது.
மேசையில் கிடக்கும் போலியிடமும்
அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன்.
அது பழைய சாவியை முழுவதுமாக,
ஓரெழுத்துப் பிசகாமல்
ஒப்பித்தது.

வெட்டினேன். இன்னும் ஐம்பத்தொன்பது.
முடியமுதல் நேரே போய்
கம்பி கொழுவிப் புதிதாகக் கேட்டுவரவேணும்,
பகலில்தான்,
அணைக்கட்டில் ஆனை நிற்காத நேரமாய்ப் பார்த்து.